தசைநார் என்னும் சொல்லும் தசைத் திசுவின் அமைப்பும்

மரபுவழி வரும் தசைநோய் ஒன்றைப் பற்றிப் பெற்றோர்க்கென எழுதப்பட்ட ஆங்கிலக் கையேட்டின் தமிழாக்கம் ஒன்று திருத்தத்திற்காக என்னிடம் வந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் 'இந்நோயில் தசைநார்கள் சிறிது சிறிதாகச் சிதைகின்றன' என்றிருந்தது. ஐந்தாம் பக்கத்தில் 'குதிகாலின் தசைநாரை நாள்தோறும் மெல்ல இழுத்து நீட்டிவிட வேண்டும்' என்றிருந்தது. சிதைந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பிடித்து இழுக்கச் சொன்னால் எந்தத் தாய் இழுப்பாள்? மூலத்தைப் பார்த்தபோது இரண்டிடத்திலும் வேறுவேறு சொற்கள் இருந்தன. முன்னது தசையின் செல்லைக் குறித்தது. பின்னது தசையை எலும்போடு பிணைக்கும் நாணைக் குறித்தது. மூன்றாவதாக ஓரிடத்தில் முழங்கால் மூட்டின் எலும்புகளை ஒன்றோடொன்று கட்டும் பிணையமும் 'தசைநார்' என்றே ஆகியிருந்தது.

மொழிபெயர்த்தவரைக் குறைகூற இயலாது. தசைநார்ச் சிதைவு நோய் என்னும் வழக்கில் அச்சொல் செல்லையே குறிக்கிறது. விளையாட்டு வீரர் ஒருவருக்கு முழங்காலில் தசைநார் கிழிந்தது என்று நாளிதழ் எழுதும்போது அது மூட்டுப் பிணையத்தைக் குறிக்கிறது. குதிகால் தசைநார் எனும்போது அது நாண். மூன்றும் நிலைபெற்ற வழக்குகள். ஆயினும் ஒரே பனுவலில் மூன்றும் சந்திக்கும்போது சொல் தன் பணியைச் செய்ய மறுக்கிறது. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க அகராதி மட்டும் போதாது. தசைத் திசு எவ்வாறு அமைந்துள்ளது, எவ்வாறு சுருங்குகிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒருமுறையேனும் கண்முன் நிறுத்திப் பார்த்தல் வேண்டும் என்பது என் கருத்து. அந்நோக்கில் திசுவின் அமைப்பையும் வகைகளையும் சுருக்கத்தையும் விளக்கி, அவ்வவ்விடத்தில் வழங்கும் சொற்களை எடைபோட இக்கட்டுரை முயல்கிறது.

தசையும் சதையும்

தசை, சதை என்பன எழுத்து இடம்மாறிய ஓரிணை. இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாக இலக்கண ஆசிரியர்கள் இதனையே காட்டுவது வழக்கம். இரண்டும் ஒருபொருளன என்பது அதன் அடிப்படை. ஆனால் இன்றைய தமிழில் இவ்விணை பிரிந்துவிட்டது. பேச்சில் வழங்கும் சதை என்பது தோலுக்கும் எலும்புக்கும் இடைப்பட்ட மென்பகுதி முழுவதையும் தழுவுவது. கொழுப்பும் அதில் அடங்கும். மாம்பழத்திற்கும் சதை உண்டு. அறிவியல் எழுத்தில் வழங்கும் தசையோ சுருங்கவல்ல திசுவை மட்டும் குறிக்கிறது. எவரும் திட்டமிட்டு வகுக்காத இவ்வேறுபாடு கலைச்சொல்லாக்கத்திற்குக் கிடைத்த நற்பேறு. கையேட்டிற்குத் திரும்பும்போது இதன் பயன் தெரியவரும்.

உறுப்பின் தோற்றத்தைக் கொண்டு தசைக்குப் பெயரிடும் வழக்கம் பல மொழிகளுக்கும் பொது. இலத்தீனில் தசையைக் குறிக்கும் 'மஸ்குலஸ்' என்பதற்குச் சுண்டெலி என்பது பொருள். கிரேக்கத்தில் 'மிஸ்' என்னும் ஒரே சொல் எலியையும் தசையையும் குறித்தது. தோலின்கீழ்த் தசை திரண்டு நகர்வது எலி ஓடுவதுபோல் தோன்றியிருக்க வேண்டும். தமிழர் கண்ணுக்கு அது மீனாகத் தோன்றியதுபோலும்: கெண்டைக்கால் என்னும் சொல்லில் உள்ள கெண்டை அம்மீனின் வடிவை ஒட்டிய பெயர் எனக் கொள்ள இடமுண்டு.

நாரும் இழையும்

மனித உடலில் எலும்போடு இணைந்த தசைகள் அறுநூறுக்கு மேற்பட்டவை. உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அவற்றுக்குரியது. அவற்றுள் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், உறையிட்ட பல கற்றைகள் ஒருங்கே கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு கற்றையிலும் நீண்ட செல்கள் இணையாகக் கிடக்கின்றன. ஒரு செல்லின் குறுக்களவு 10 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை. நீளமோ பல செண்டிமீட்டர் வரை செல்லலாம். வளர்கருவில் பல சிறு செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவாவதால் ஒரே செல்லில் பல உட்கருக்கள் உள்ளன. இச்செல்லின் உள்ளே, அதன் நீளவாட்டில், ஒன்று அல்லது இரண்டு மைக்ரோமீட்டர் தடிப்புள்ள நூற்றுக்கணக்கான சரங்கள் நெருங்கி அமைந்துள்ளன. ஒவ்வொரு சரத்தின் உள்ளும் மயோசின் என்னும் புரதத்தாலான தடித்த இழைகளும், ஆக்டின் என்னும் புரதத்தை முதன்மையாகக் கொண்ட மெல்லிய இழைகளும் உள்ளன.

ஆக, தசை, கற்றை, செல், சரம், இழை என ஐந்து படிநிலைகள். சிக்கல் கீழ் மூன்று படிகளில்தான். ஆங்கிலம் அவற்றை ஃபைபர், ஃபைப்ரில், ஃபிலமெண்ட் என்கிறது. முதலிரண்டும் ஒரே வேரின. இரண்டாவது முதலாவதன் குறுமை வடிவம். மூன்றாவது நூலைக் குறிக்கும் வேறொரு சொல்லிலிருந்து வந்தது. தமிழ் நூல்கள் இவற்றை நார், இழை, நுண்ணிழை, நுண்நார் எனப் பலவாறு பெயர்க்கின்றன. ஒரு நூலின் இழை இன்னொரு நூலின் நாராகவும், ஒருவரின் நுண்ணிழை மற்றவரின் இழையாகவும் அமைந்துவிடுகிறது. இலங்கைத் தமிழ் நூல்களைக் கொண்டுவந்து வைத்தால் குழப்பம் மேலும் ஒருபடி ஏறும். அங்குத் திசுவுக்கு இழையம் என்பது சொல், செல்லுக்குக் கலம். எனவே அங்குள்ள 'தசையிழையம்' தசைத் திசு. தமிழகத்துத் 'தசையிழை' ஒரு செல். இடையிலுள்ள வேறுபாடு 'அம்' என்னும் ஈறு மட்டுமே. இழையம் என்பது தன்னளவில் நல்லதோர் ஆக்கம்; திசு என்னும் ஒலிபெயர்ப்பைவிட எனக்கு உவப்பானதும்கூட. ஆயினும் தசையைப் பற்றி எழுதும்போது அதனை விலக்க நேர்கிறது.

இங்கு இன்னொன்றையும் நோக்க வேண்டும். ஆங்கிலத்து ஃபைபர் என்னும் சொல்லே சீரானதன்று. தசை ஃபைபர் ஒரு முழுச் செல். நரம்பு ஃபைபர் ஒரு செல்லின் நீண்ட கிளை மட்டும். கொலாஜன் ஃபைபர் செல்லே அன்று. செல்லுக்கு வெளியே படிந்த புரதம். மூன்றையும் நார் என்று பெயர்ப்பது மூலத்திற்கு உண்மையாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் மூலத்திலுள்ள தெளிவின்மையைத் தமிழுக்கும் இறக்குமதி செய்வதாகவே முடியும். நாணும் மூட்டுப் பிணையமும் கொலாஜன் நார்களால் ஆனவை. நார் என்னும் பெயர் உண்மையிலேயே பொருந்துவது அவற்றுக்கே. மக்கள் வழக்கு தசைநார் என்பதை அவ்விரண்டுக்கும் வழங்கியதில் ஒரு நியாயம் உண்டு என்பேன். தவறான இடத்தில் அமர்ந்திருப்பது செல்லைக் குறிக்கும் தசைநார்தான்.

ஆகவே நான் கையாண்டுவரும் முறை இது: முழுச் செல்லைத் தசைச்செல் என்றே எழுதிவிடுகிறேன். அதனுள் உள்ளதைச் சரம் என்கிறேன். அதற்குள் உள்ள புரத நூலுக்கு மட்டும் இழை என்னும் சொல்லை ஒதுக்குகிறேன். சரம் என்பதைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் உண்டு. சார்கோமியர் எனப்படும் ஒரே அளவான அலகுகள் தலையோடு வாலாகக் கோக்கப்பட்டே அது உருவாகிறது. கோக்கப்பட்ட நிரலுக்குத் தமிழில் சரம் என்பதே பெயர். சார்கோமியரை மட்டும் ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுகிறேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஊன்கூறு' என வரும். கறிக்கடையை நினைவூட்டும் சொல் வகுப்பறைக்கு ஆகாது.

இவ்வகைத் தடுமாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போர் ஸ்நாயு என்னும் வடசொல்லின் போக்கை அறிந்திருத்தல் நலம். வடமொழி மருத்துவ நூல்களில் அது பிணைக்கும் நார்ப்பொருளைக் குறித்தது. இன்று கன்னடத்திலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் அது தசையைக் குறிக்கிறது. வங்காளத்தில் நரம்பைக் குறிக்கிறது. மலையாள அறிவியல் எழுத்தில் மூட்டுப் பிணையத்தைக் குறிக்கிறது. இந்தியில் கலைச்சொல்லாக மூட்டுப் பிணையமும், பொதுவழக்கில் நரம்பும் அதன் பொருள்கள். ஒரே எழுத்துவடிவம் கண்டு கன்னடத்திலிருந்து வங்காளத்திற்கு அதனை அப்படியே கொண்டுசெல்பவர் தசைநோயை நரம்புநோயாக்கிவிடுவார். தமிழில் நரம்பு என்பதன் நிலையும் இதற்குத் தொலைவில் இல்லை. யாழின் தந்தியும் நரம்பு, இலையிலும் நரம்பு, ஊசிபோட வரும் செவிலியர் 'நரம்பு கிடைக்கவில்லை' என்பது சிரையை. நெடிய மென்மையான எதையும் ஒரு சொல்லால் தழுவிக்கொள்வது உடலை வெளியிலிருந்து கண்ட மொழியின் இயல்பு.

வகைகளும் வினைத்தொகையும்

தசைத் திசு மூவகைப்படும்: எலும்புத் தசை, இதயத் தசை, குடல், இரத்தக்குழாய், கருப்பை முதலியவற்றின் சுவர்களில் உள்ள தசை. இது இருப்பிடத்தை ஒட்டிய பகுப்பு. இதில் சொற்சிக்கல் இல்லை.

நுண்ணோக்கியில் காணும் தோற்றத்தை ஒட்டி வரித்தசை, வரியற்ற தசை எனவும் பகுப்பர். எலும்புத் தசையும் இதயத் தசையும் வரியுடையன. மூன்றாவது வகையை ஆங்கிலத்தைப் பின்பற்றி மென்தசை என்பாரும் உளர். இது பொருந்தாது. ஆங்கிலச் சொல் வழவழப்பைக் குறிப்பது, மென்மையை அன்று. இலங்கை வழக்கான 'மழமழப்பான தசை' மூலத்திற்கு நெருக்கமானது. எனினும் தொட்டறியும் வழவழப்பு இங்குப் பேசப்படவில்லை; வரி இல்லை என்பதே பேசப்படுகிறது. கண்டதைச் சொல்லும் வரியற்ற தசை என்பதே நேரிது.

மொழியியலாரின் கவனத்திற்குரியது மூன்றாவது பகுப்பு. நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டவை, கட்டுப்படாதவை என்னும் இப்பகுப்பிற்கு இயக்குதசை, இயங்குதசை என்னும் இணையைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்குகின்றன. தன்வினை பிறவினை வேறுபாட்டைக் கொண்டு மெல்லினத்தை வல்லினமாக்கி ஓரிணையைப் படைத்தது அழகிய உத்தி. அடங்கு அடக்கு, திருந்து திருத்து என்னும் தொன்மையான திராவிட ஒலிமாற்றத்தை அது பயன்கொள்கிறது. ஆங்கிலத்தில் முன்னொட்டு ஒன்றைச் சேர்த்து எதிர்மறையாக்கிப் பெறும் வேறுபாட்டைத் தமிழ் வினையின் உள்ளேயே காட்டிவிடுகிறது.

அழகோடு இடையூறும் உண்டு. ஓர் எழுத்துப் பிழைத்தால் பொருள் தலைகீழாகும் என்பது சிறிய இடையூறு. பெரியது வினைத்தொகையின் இயல்பிலேயே உள்ளது. வினைத்தொகை காலத்தை மட்டும் மறைப்பதில்லை. வினைக்கும் பெயருக்கும் உள்ள உறவையும் மறைக்கிறது. கொல்யானை என்பதில் யானை கொல்வது. குடிநீர் என்பதில் நீர் குடிக்கப்படுவது. இயக்குதசை என்பது இவற்றுள் எவ்வகை? ஆக்கியோர் கருதியது குடிநீர் வகை: நம்மால் இயக்கப்படும் தசை. ஆனால் மாணவர் பலர் அதனைக் கொல்யானை வகையாகக் கொண்டு, எலும்பை இயக்கும் தசை என விளக்குகின்றனர். எலும்புத் தசைக்கு அவ்விளக்கமும் பொருந்திவிடுவதால் தவறு வெளிப்படுவதில்லை. இதயத் தசைக்கு வரும்போதுதான் வெளிப்படும். இதயம் குருதியை இயக்குகிறது. எனவே அது இயக்குதசை என்று எழுதிய விடைத்தாளைத் தமிழறிந்த ஆசிரியர் எவ்வாறு தவறென்பார்? உண்மையில் இதயத் தசை இயங்குதசையின் மிகச்சிறந்த எடுத்துக்காட்டு. உடலினின்று எடுத்து உரிய கரைசலில் இட்ட தவளையின் இதயம் நரம்பின் தூண்டலின்றித் தொடர்ந்து துடிக்கும்.

இவ்விணைக்கு மாற்றாகத் தன்னிச்சை என்னும் சொல்லைக் கொண்டோரும் உளர். அது இன்னும் இடர்மிக்கது. 'தன்' என்பது யாரை? உடலுக்குரியவரையெனில் விருப்பத்திற்குட்பட்ட தசை. தசையையெனில் தானே இயங்கும் தசை. நேர்மாறான இருபொருளும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இயக்குதசை, இயங்குதசை என்பனவற்றையே வைத்துக்கொண்டு, முதல்முறை வருமிடத்தில் 'நாம் இயக்கும்', 'தானே இயங்கும்' என எழுவாயை வெளிப்படுத்தி எழுதுவது போதுமானது. உதரவிதானம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது. அது வரியுடைய எலும்புத் தசை. விரும்பினால் மூச்சை அடக்கலாம். உறக்கத்திலும் அது நிற்பதில்லை. இயற்கை நம் பகுப்புகளைக் கேட்டு நடப்பதில்லை.

சுருங்காத இழைகளும் சுருக்கமும்

எலும்புத் தசையின் வரிகளுக்குக் காரணம், சரங்களில் அடர்ந்த பட்டையும் வெளிறிய பட்டையும் மாறிமாறி வருவதே. அடர்ந்தது ஏ பட்டை, வெளிறியது ஐ பட்டை. ஐ பட்டையின் நடுவே இசட் கோடு. அடுத்தடுத்த இரு இசட் கோடுகளுக்கு இடைப்பட்டதே ஒரு சார்கோமியர்; ஓய்வுநிலையில் அதன் நீளம் இரண்டு மைக்ரோமீட்டருக்குச் சற்று மிகுதி. தடித்த இழை 1.6 மைக்ரோமீட்டர் நீளமுடையது; சார்கோமியரின் நடுவில் உள்ளது. மெல்லிய இழைகள் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் நீளமுடையன. இருபுற இசட் கோடுகளிலிருந்தும் உள்நோக்கி நீண்டு, தடித்த இழைகளுக்கிடையே நுழைந்து நிற்கின்றன. பட்டைகளின் எழுத்துப்பெயர்களை அ, இ எனத் தமிழ்ப்படுத்துவது வீண்வேலை. அவை ஒளியியல் பண்புகளின் தலையெழுத்துகள். இசட் என்பது 'இடைத்தட்டு' என்னும் பொருளுடைய ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்து. ஆயினும் ஐ என எழுதும்போது வேற்றுமை உருபோ என்று கண் ஒருகணம் தயங்குவது உண்மை.

தமிழில் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்த 1954ஆம் ஆண்டின் மே மாதத்தில், 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது. மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரு ஹக்ஸ்லிகளும் உறவினரல்லர். முன்னவர் தவளையின் உயிருள்ள தசைச்செல்லிலும், பின்னவர் முயலின் தசையினின்று பிரித்தெடுத்த சரங்களிலும் கண்டது ஒன்றே: தசை குறுகும்போது ஐ பட்டை குறுகுகிறது, ஏ பட்டையின் நீளம் மாறுவதில்லை. அதாவது எந்த இழையும் சுருங்குவதில்லை. மெல்லிய இழைகள் தடித்தவற்றினூடே வழுக்கி உட்செல்கின்றன. தீப்பெட்டியின் உள்தட்டு உறைக்குள் செல்லும்போது தட்டும் குறுகுவதில்லை, உறையும் குறுகுவதில்லை. மொத்த நீளமே குறைகிறது.

இழைகளை இழுப்பது எது? நரம்பின் தூண்டல் தசைச்செல்லின் மேற்படலத்தில் மின்மாற்றமாகப் பரவி உட்செல்ல, செல்லின் உள்ளே சேமிக்கப்பட்ட கால்சியம் வெளிப்படுகிறது. கால்சியம் மெல்லிய இழையிலுள்ள டிரோபோனின் என்னும் புரதத்தைப் பற்றுகிறது; அதனால் ஆக்டினின் மேல் பற்றுமிடங்களை மறைத்திருந்த மற்றொரு புரதம் விலகுகிறது. மயோசினின் தலைகள் அவ்விடங்களைப் பற்றி, மடிந்து, இழையை ஒரு சிறு தொலைவு இழுக்கின்றன. பின்பு ஏடிபி மூலக்கூறு வந்து பொருந்தினால்தான் தலை பிடியை விடும். அது சிதைந்து ஆற்றல் தந்தால்தான் தலை மீண்டும் நிமிரும். பிடியை விடுவதற்கே ஏடிபி தேவை என்பது தமிழ் எழுத்தாளர் பலர் விட்டுவிடும் செய்தி. தளர்வு என்னும் சொல் ஓய்வை நினைவூட்டுவதால் அது செலவில்லாதது என எண்ணத் தோன்றுகிறது. இறந்தபின் உடல் விறைப்பதற்குக் காரணம், ஏடிபி தீர்ந்துபோக, பற்றிய தலைகள் விடமுடியாமல் நிற்பதே. வரியற்ற தசையில் டிரோபோனின் இல்லை. அங்குக் கால்சியம் வேறு வழியாகச் செயற்படுகிறது. அதன் சுருக்கம் மெதுவானது, நெடுநேரம் நிலைப்பது.

இனிச் சொல்லுக்கு வருவோம். சுருங்குதல் என்றவுடன் தமிழர்க்குத் தோன்றுவது துணி சுருங்குவதும் முகத்தோல் சுருங்குவதும். இரண்டிலும் பொருள் தன்னளவில் குறைகிறது. தசையிலோ பருமன் ஏறத்தாழ மாறுவதில்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே யான் ஸ்வாமர்டாம் தவளையின் தசையைக் கண்ணாடிக் குழலிலிட்டு அது வீங்குவதில்லை எனக் காட்டினார். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமோ 'சேர்த்திழுத்தல்' என்னும் பொருளுடையது. 1954இன் கண்டுபிடிப்புக்கு அது தற்செயலாகவே ஒத்துவருகிறது. மக்கள் தம் தசையைப் பற்றிச் சுருங்கியது என்று சொல்வதில்லை என்பதும் நோக்கத்தக்கது. புயத்தை மடக்கினால் தசை திரள்கிறது, புடைக்கிறது, முறுக்கேறுகிறது, இறுகுகிறது.

சுருக்கம் என்பதை அகற்ற வேண்டுமென நான் கூறவில்லை, அது வேரூன்றிவிட்டது. ஆனால் அசையாத சுவரைத் தள்ளும்போது தசையின் நீளம் மாறுவதில்லை. சுமையை மெல்ல இறக்கும்போது நீளம் கூடுகிறது. இரண்டையும் உடலியங்கியல் அதே பெயரால்தான் வழங்குகிறது. 'சமநீளச் சுருக்கம்', 'நீளும் சுருக்கம்' எனப் பெயர்த்தால் தமிழ் வாசகர் தன்முரண் என்றே கருதுவார். இவ்விடங்களில் இறுக்கம் என்பது உதவும். இறுகு, இறுக்கு என்னும் வினையிணையும் அதற்குண்டு. உடற்பயிற்சி மருத்துவர்கள் 'தொடையை இறுக்குங்கள், தளர்த்துங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். மகப்பேற்று மனைகளுக்கான வினாநிரல்களில் நிலைமை வேறு. 'கருப்பைச் சுருக்கம் எத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை?' என அச்சிட்டால் விடை வராது. அங்கு அதற்குப் பெயர் வலி. 'வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது?' என்பதே வினா. மருத்துவ நோக்கில் சுருக்கமும் வலியும் ஒன்றல்ல என வாதிடலாம். விடைசொல்ல வேண்டியவர் மருத்துவர் அல்லர்.

கையேடு டூஷென் தசைச்சிதைவு என்னும் நோயைப் பற்றியது. ஆண் குழந்தைகளையே பெரிதும் தாக்கும் இந்நோயில், தசைச்செல்லின் மேற்படலத்திற்கு உறுதுணையான டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உருவாவதில்லை; செல்கள் ஒவ்வொரு சுருக்கத்திலும் ஊறுபட்டுச் சிதைகின்றன. குதிகால் நாண் இறுகுவதால் குழந்தை முனைக்காலில் நடக்கும். அதனை நீட்டிவிடும் பயிற்சி அதற்காகவே. திருத்திய படியில் சிதைவது 'தசைச்செல்', நீட்டப்படுவது 'குதிகால் நாண்', முழங்காலில் உள்ளது 'மூட்டுப் பிணையம்'. எஞ்சியது ஒரு வாக்கியம். இந்நோயில் கெண்டைக்கால் பருத்துக் காணப்படும். சிதைந்த செல்களின் இடத்தைக் கொழுப்பும் இணைப்புத் திசுவும் நிரப்புவதே பெரிதும் காரணம். முதற்படியில் 'கெண்டைக்கால் தசை பருக்கும்' என்றிருந்தது. குழந்தைக்குச் சதைபிடித்திருக்கிறது என்று வீட்டார் மகிழ்வதற்கு அது வழிசெய்யும். இப்போது அவ்விடத்தில் இவ்வாறு உள்ளது: 'கெண்டைக்கால் பருத்திருப்பது வலிமையின் அடையாளம் அன்று. அங்குச் சேர்வது சதை, தசை குறைந்துவருகிறது.'